அப்பாவுக்குச் சர்க்கரை நோயே இல்லை, பிறகு ஏன் சர்க்கரை மாத்திரை?

இளவேனில் கேட்டது:
அப்பாவுக்கு வயது 67. இதயச் செயலிழப்பு, எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 32 சதவீதம். இந்த முறை சீட்டில் டாபாகுளிஃப்ளோசின் 10 மி.கி. புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்தால் சர்க்கரை நோய் மருந்து என்று இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும் என்று பயந்து அம்மா அட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்:
என் மாமியாரும் இதைத்தான் எடுக்கிறார், சர்க்கரை இல்லை. மயக்கம் வந்ததில்லை. காரணம் செல்வி அக்காவுக்குத் தெரியும்.

செல்வி:
தம்பி, இதய மருந்தாய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். முதலில் டாக்டருக்கு போன் செய்து, மாத்திரை நின்றுபோனதைச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் அதற்குப் பதில் இருக்கிறது.

புதுச் சர்க்கரை மருந்துகள் இதயத்தைக் கெடுக்கவில்லை என்று காட்டச் சொல்லி 2008-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டது. அப்படி நடந்த ஆய்வுகளில் ஒன்று, 2015-இல் வெளியான எம்பா-ரெக். இதே குடும்பத்து மருந்தான எம்பாகுளிஃப்ளோசினை எடுத்தவர்கள் இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. கெடுதல் உண்டா என்று தேடப்போன இடத்தில் நன்மை கிடைத்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் சர்க்கரை நோயாளிகள்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலிக்குமா? அப்பாவின் டாபாகுளிஃப்ளோசினையே வைத்து அதைப் பார்த்தது 2019-இல் வந்த டாபா-எச்எஃப் ஆய்வு. இ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழே உள்ள 4,744 பேர். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஏறக்குறைய 18 மாதத்தில் நோய் முற்றியதோ இதய நோயால் இறந்ததோ, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21.2 சதவீதம், மருந்து எடுத்தவர்களில் 16.3 சதவீதம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் அதே அளவுதான். நூற்றுக்கு ஐந்து பேர்தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலானோர் பீட்டா பிளாக்கர் போன்ற மற்ற இதய மருந்துகளை ஏற்கெனவே ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதற்கு மேலே கிடைத்த பலன் இது. எனக்கு இது பெரிய விஷயம்.

இந்த ஆய்வுகளில் ஒரு கேள்வித்தாள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் மூச்சுத் திணறலால் எத்தனை இரவு நாற்காலியில் உட்கார்ந்தோ, மூன்று தலையணை வைத்தோ தூங்கினீர்கள் என்று ஒரு கேள்வி. அந்த இடம் வந்ததும் நோயாளி மனைவியின் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். டாபா-எச்எஃப்பில் அந்த மதிப்பெண்ணும் மருந்து எடுத்தவர்களுக்குக் கூடுதலாக முன்னேறியது.

மயக்கம் பற்றி: இந்த மருந்து சிறுநீரகம் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிறது, கூடவே கொஞ்சம் உப்பும் நீரும் போகும். ரத்தத்தில் சர்க்கரை குறையக் குறைய வெளியேறுவதும் குறைந்துவிடும். இன்சுலின் போல இறக்கிவிடாது. சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் சர்க்கரை இருப்பதாகக் காட்டும், பதறாதீர்கள்.

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள் என்றால் நிறுத்திவைக்க வேண்டுமா என்று உடனே கேளுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

இளவேனில்:
நன்றி அக்கா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அட்டையைக் கொடுத்துவிட்டார். அப்பா நீர் மாத்திரையும் எடுக்கிறார், இரண்டும் சேர்ந்தால் பரவாயில்லையா?

செல்வி:
சேர்ந்தே கொடுப்பது வழக்கம்தான். ஆனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நீர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை பார்த்து எழுதி வையுங்கள். போனில் பேசும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.