மகள் புறங்கையில் கறுப்புப் பெருக்கல் குறியோடு வந்தாள். நியூயார்க் பங்க் கச்சேரிகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எடிசன் அம்மா எழுதியது:

வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் திருச்சி. நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு 16 வயது, பதினொன்றாவது படிக்கிறாள்.

போன சனிக்கிழமை தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் இரவு பத்தரைக்கு வந்தாள். தோசைக்குத் தட்டை நீட்டியபோதுதான் பார்த்தேன். இரண்டு புறங்கையிலும் கறுப்பு மார்க்கரில் பெரிய பெருக்கல் குறி. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி நியூயார்க் போய், அங்கிருந்து புரூக்லினில் ஒரு பங்க் கச்சேரிக்கு, அதாவது வேகமான, இரைச்சலான ராக் இசைக் கச்சேரிக்குப் போயிருக்கிறார்கள், இவளும் இன்னொரு பெண்ணும். இது மூன்றாவது தடவையாம்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சில மாதங்களாக எங்கள் வீட்டில் பல் ஃப்ளாஸ் வாங்கி வைத்தால் நிற்பதே இல்லை. அந்த நூலை வைத்துத்தான் ஜீன்ஸ் ஜாக்கெட்டில் துணித் துண்டுகளைத் தைக்கிறாள். என் புடவை ஊக்குகளும் அந்த ஜாக்கெட்டில்தான் வரிசையாக இருக்கின்றன.

மதிப்பெண் குறையவில்லை. வீட்டில் முகம் கொடுத்துப் பேசுகிறாள். பொய் சொல்லிவிட்டுப் போனதுதான் வலிக்கிறது. அவள் அப்பா போனையும் ரயில் டிக்கெட்டுக்கான காசையும் நிறுத்திவிடலாம் என்கிறார். அந்தக் குறிக்கு என்ன அர்த்தம்? அங்கே குடி, போதை எல்லாம் உண்டா? நம் நிறத்துப் பெண் பிள்ளையை அங்கே எப்படி நடத்துவார்கள்? இவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிவிங்டன் தெரு எழுதியது:

அம்மா, முதலில் அந்தக் குறி. பயப்படாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு 21 வயது ஆகவில்லை, மது கொடுக்காதே என்று வாசலில் நிற்பவர் போட்டு அனுப்பும் அடையாளம் அது. 1980இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போன டீன் ஐடில்ஸ் என்ற பங்க் குழுவின் பள்ளிக்கூட வயதுப் பையன்களுக்கு அங்கே இப்படிப் போட்டார்கள். ஊர் திரும்பியவர்கள், எங்களுக்கும் குறி போட்டு உள்ளே விடுங்கள், குடிக்க மாட்டோம் என்று தங்கள் ஊர் அரங்குகளில் கேட்டார்கள். குடிக்காத, புகைக்காத, போதை தொடாத ஒரு கிளையே பங்க்கில் வளர்ந்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்பார்கள். அவர்களில் பலர் வயது வந்த பிறகும் தாங்களே அந்தக் குறியைப் போட்டுக்கொள்வார்கள். வாசலில் குறி போட்டார்கள் என்றால் உங்கள் மகள் 21 ஆகிவிட்டது என்று பொய் சொல்லாமல்தான் உள்ளே போயிருக்கிறாள்.

நான் 1993இல் 12 வயதில் கும்பகோணத்திலிருந்து உங்கள் பக்கத்து ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வீடு புல்வெளி, ஆனால் தெருவில் நடக்க நடைபாதை கிடையாது. இங்கே 17 வயதுக்கு முன் தனியாக வண்டி ஓட்ட முடியாது. நூலகத்துக்குப் போவதென்றாலும் அப்பா கார் எடுக்க வேண்டும். கும்பகோணத்தில் பத்து வயதிலேயே தனியாகச் சைக்கிளில் டபீர் படித்துறைவரை போய்வந்தவன் நான். இங்கே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல் தானாக ஏறக்கூடியது அந்த ரயில் ஒன்றுதான். முக்கால் மணி நேரத்தில் நியூயார்க் பென் ஸ்டேஷன். என்னை முதலில் இழுத்தது பாட்டுகூட இல்லை, அந்த ரயில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் போனது மன்ஹாட்டன் கீழ்க்கிழக்குப் பகுதியில், 156 ரிவிங்டன் தெருவில் இருந்த ஏபிசி நோ ரியோ என்ற கலைக்கூடம். எதிரே ஒரு வக்கீலின் ஸ்பானிஷ் பெயர்ப்பலகையில் எழுத்துகள் உதிர்ந்து மிஞ்சியதை வைத்து 1980இல் ஓவியர்கள் சிலர் இட்ட பெயர். பவரி தெருவில் சிபிஜிபி என்று புகழ்பெற்ற பங்க் அரங்கம் இருந்தது. அங்கே ஞாயிறு மதியம் நடந்த ஹார்ட்கோர் (இன்னும் வேகமான, முரட்டுத்தனமான பங்க்) கச்சேரிகளில் அடிதடி மிகுந்து அவை நின்றபோது, சில பிள்ளைகள் 1990வாக்கில் ரிவிங்டன் தெருவில் சனிக்கிழமை மதியக் கச்சேரியைத் தொடங்கினார்கள். எல்லா வயதினரும் வரலாம். இனவெறி, பெண்களை இழிவுசெய்வது, ஓரினச் சேர்க்கையாளரை இழிவுசெய்வது, இந்த மூன்றும் உள்ள குழுவுக்கு அங்கே மேடை கிடையாது. பாட்டு வரிகளை வாங்கிப் படித்துப் பார்த்துத்தான் வாசிக்க விடுவார்கள். மேடை என்று சொல்கிறேனே தவிர மேடையே இல்லை. பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே தரையில். முதல் நாள் ஒலிவாங்கியை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டான் பாடகன். எனக்கு வரி தெரியாது. கத்தினேன்.

நுழைவாயில் பக்கம் ஒரு மடக்கு மேசை. அதில் பிள்ளைகளே எழுதி, நகலெடுத்து, மடித்து விற்கும் சின்னப் பத்திரிகைகள். ஸீன் என்பார்கள். நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகை மாதிரிதான். மூன்றாவது மாதம் நானும் ஒன்று போட்டேன், நாற்பது பிரதி. சாதாரண ஸ்டேப்ளர் தாளின் நடு மடிப்புவரை எட்டாது. அதனால் ஸ்டேப்ளரை விரித்துத் திறந்து, தாளைக் கம்பளத்தின் மேல் வைத்து ஓங்கி அழுத்த வேண்டும். அப்புறம் தாளைத் திருப்பி, முனை இரண்டையும் நகத்தால் மடக்க வேண்டும். நாற்பது பிரதிக்கு எண்பது பின். கட்டைவிரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. பள்ளியில் நான் உச்சரிப்புத் தடுமாறும் பையன். அந்த மேசையில் ஒரு கல்லூரிப் பெண் நின்றுகொண்டே என் பத்திரிகையை முழுவதும் படித்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டாள். உங்கள் மகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, எனக்கு இருந்தது இதுதான். இசைப்பள்ளியில் பத்து வருடம் படித்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. செய்தால் போதும், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது.

நானும் பொய் சொல்லித்தான் போனேன். பிடிபட்டதும் அப்பா அடுத்த வாரம் கூடவே வந்துவிட்டார், வேட்டியில் அல்ல, அலுவலக உடையில். வாசலில் இருந்த பெண் அவருக்கு ஒரு முக்காலி போட்டாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது ரயில் ராவே ஸ்டேஷனைத் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம், “பாட்டு ஒண்ணும் புரியலடா. ஆனா கீழே விழுந்தவனை நாலு பேர் உடனே தூக்கி விடறாங்க” என்றார். அதன் பிறகு எனக்குப் பொய் தேவைப்படவில்லை.

போதை எங்கேயும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த இடம், யார் நடத்துகிறார்கள், எல்லா வயதினருக்குமா என்று கேளுங்கள். காதடைப்பான் கட்டாயம். எனக்கு இடது காதில் இன்றும் இரைச்சல் இருக்கிறது.

இரண்டு பெண்களின் அப்பா எழுதியது:

நான் இதை ஏற்கவில்லை. மூன்று தடவை பொய். அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும், இல்லையென்றால் நான்காவது பொய் பெரிதாக இருக்கும். இரண்டு மாதம் வெளியே போகக் கூடாது என்று சொல்லுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் நியூ பிரன்ஸ்விக்கிலேயே மாணவர்கள் வீட்டு நிலவறைகளில் இந்தக் கச்சேரிகள் நடக்கின்றனவே. நியூயார்க் எதற்கு?

ரிவிங்டன் தெரு எழுதியது:

சார், நீங்கள் பாதுகாப்பு என்று நினைப்பது நேர்மாறு. அந்த நிலவறைக் கச்சேரிகளை நான் நேசிக்கிறேன், நல்ல நல்ல குழுக்கள் அங்கிருந்து வந்தார்கள். ஆனால் அது கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் வீடு. போலீஸ் வரக்கூடாது என்று அறிவிப்பில் விலாசமே போட மாட்டார்கள், தெரிந்த பங்க் யாரையாவது கேள் என்று மட்டும் இருக்கும். வயது பார்க்க ஆளில்லை, வெளியேற ஒரே படிக்கட்டு. பதினாறு வயதுக்கு, குறி போட்டு உள்ளே விடும் நகரத்து அரங்கம்தான் மேல்.

குரொய்டன் அக்கா எழுதியது:

நான் யாழ்ப்பாணம். 1986இல் 14 வயதில் லண்டன் வந்து, குரொய்டனில் வளர்ந்தேன். நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

இங்கே பங்க்கை முதலில் தூக்கிப் பிடித்தவர்களில் பலர் எங்களைப் போலப் புறநகர்ப் பிள்ளைகள். 1976இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பின்னால் திரிந்த கூட்டத்துக்குப் பெயரே பிராம்லி கூட்டம். பிராம்லி குரொய்டனுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கூட்டத்திலிருந்து வந்த பாடகி சூசி சூ, பக்கத்துச் சிசில்ஹர்ஸ்ட் பிள்ளை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பாடகி பாலி ஸ்டைரீன். தகப்பன் சோமாலியர், தாய் வெள்ளைக்காரி. பிறந்தது பிராம்லி, வளர்ந்தது பிரிக்ஸ்டன். 1976 ஜூலை 3, தன் 19ஆவது பிறந்தநாளன்று ஹேஸ்டிங்ஸில் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். ஒரு பழைய பத்திரிகையில் அவருடைய படத்தைப் பார்த்தேன். மாநிறம், சுருட்டை முடி, பல்லுக்குக் கம்பி. அப்போது எனக்கும் பல்லுக்குக் கம்பி. அந்தப் பக்கத்தை வெட்டிச் சரித்திரப் பாடக் கொப்பிக்குள் வைத்திருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது, இங்கே மொட்டைத்தலை இனவெறிக் கூட்டமும் கச்சேரிகளுக்கு வந்தது. நான் ஒருமுறை பயந்து பின் கதவால் ஓடியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தை எதிர்த்தவர்களும் பங்க் ஆட்கள்தான்; 1978 ஏப்ரல் 30 டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை இனவெறிக்கு எதிராக நடந்த பெரும் ஊர்வலத்தின் முடிவில் வாசித்தார்கள். கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், கறுப்பினத்தவரின் ஸ்டீல் பல்ஸ், எல்லாரும் ஒரே மேடையில். பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: அங்கே உன்னை யாராவது உறுத்துப் பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்வாய்? அவளுக்குப் பதில் தெரிந்திருந்தால் அது நல்ல இடம்.

எடிசன் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அவளோடு உட்கார்ந்து பேசினேன். அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டதும் யோசிக்காமல் பதில் வந்தது: வாசலில் மார்க்கரோடு நிற்கும் அந்த அக்காவிடம் சொல்வாளாம். போன தடவை ஒருவன் இடித்துக்கொண்டே இருந்தபோது அவர்தான் அவனை வெளியே அனுப்பினாராம்.

இரண்டு பெண்களின் அப்பா சொன்னதையும் ஒதுக்கவில்லை. இந்த மாதம் முழுக்க எங்கேயும் கிடையாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார், அவளும் தலையாட்டினாள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒரு கச்சேரி. அவர் கூடப் போகிறார், உள்ளே வரமாட்டாராம், தெருமுனையில் காபிக் கடையில் இருப்பாராம். முக்காலிக் கதையைப் படித்துக் காட்டினேன். பார்க்கலாம் என்றார்.

ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முதுகில் பெரிய கறுப்புத் துணி, எழுத்தெல்லாம் அவளே அட்டையில் வெட்டிப் பெயின்ட் அடித்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. தையல்தான் நீள நீளமாக ஓட்டுத் தையல். இரண்டு ஓரம் அதற்குள் பிரிந்துவிட்டது. ஃப்ளாஸ் நல்ல நூல்தான், மெழுகு இருப்பதால் ஜீன்ஸில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரு பக்கத்தைப் பிரித்துப் பின் தையல் போட்டுக் காட்டினேன். மீதி மூன்று பக்கத்தை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து அவளே போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊக்கை எடுத்தது பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரம் கடைக்குப் போகும்போது இன்னும் ஓர் அட்டை ஊக்கு வாங்க வேண்டும்.

காதடைப்பானில் எது நல்லது, ரிவிங்டன் தம்பி?