ஆறு வைஃபை பெட்டிக்கு கன்ட்ரோலர் வேணுமா? (பனியன் யூனிட், ஒரே கட்டடம்)

பேக்கிங்_கணினி:
வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கம்ப்யூட்டர் வேலை பார்க்கறேன். கீழ கட்டிங், முதல் மாடி தையல், ரெண்டாவது மாடில செக்கிங், அயர்னிங், பேக்கிங். அதுக்கு மேல தகர ஷெட்டுல குடோன். சிக்னல் வராத இடத்துல எல்லாம் ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டி மாட்டி ஆறு ஆயிருச்சு. ஆறுக்கும் வேற வேற பேரு, வேற வேற பாஸ்வேர்டு.

கார்ட்டன் ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணிட்டே குடோனுக்கு நடந்தா ஸ்கேனர் திரும்ப லாகின் கேக்குது. கீழ கன்டெய்னர் நிக்கறப்ப இது பெரிய இம்சை. கட்டிங் லேப்டாப்புல பேக்கிங் பிரிண்டர் தெரியறதே இல்ல. விலைப்பட்டியல் கொடுக்க வந்தவர் கிளவுட் கன்ட்ரோலரோட (எல்லாப் பெட்டியையும் இன்டர்நெட் வழியா ஒரே இடத்துல இருந்து நடத்தற சாஃப்ட்வேர்) புது செட்டு, வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும்ங்கறார். "ஆறு பெட்டிக்கு எதுக்குப்பா வருஷ சந்தா?"னு முதலாளி கேக்கறார். இந்த அளவு இடத்துக்குக் கன்ட்ரோலர் வேணுமா?

மின்கம்பி:
வேண்டாம். ஆறுலயும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு போடுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 சேனலை மாத்தி மாத்தி வைங்க. ஸ்கேனர் தானா மாறிக்கும்.

ஈரோட்டு_கேபிள்காரர்:
பேரை ஒண்ணாக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. பிரிண்டர் தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, நோய் அங்கதான் இருக்கு. மேல வர்ற கேபிளை ரவுட்டரோட வான் போர்ட்ல (இன்டர்நெட் கேபிளுக்கான துளை) சொருகியிருந்தா ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி நெட்வொர்க் ஆயிரும். ஸ்கேனர் அடுத்த பெட்டிக்குப் போனதும் புது ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி எண்) வாங்கும், சர்வரோட இருந்த தொடர்பு அறுந்துரும். இந்த நிலைமைல பேரை மட்டும் ஒண்ணாக்கினா, எந்தப் பெட்டில இருக்கோம்னே தெரியாம இன்னும் குழப்பம்தாங்க.

முதல்ல ஆறுலயும் டிஎச்சிபியை (தானா ஐபி கொடுக்கற வேலை) நிறுத்துங்க, பெட்டியோட ஐபி ஒண்ணோட ஒண்ணு மோதாம மாத்துங்க, கேபிளை லேன் போர்ட்டுக்கு (உள் நெட்வொர்க்குக்கான துளை) மாத்துங்க. ஐபி கொடுக்கற வேலை இன்டர்நெட் வர்ற மெயின் ரவுட்டர் ஒண்ணுக்கு மட்டும். இதுக்குக் காசே ஆகாது.

அடுத்தது சிக்னல் பவர். எல்லாப் பெட்டியும் முழு பவர்ல கத்திட்டு இருக்கும். எப்ப மாறணும்னு முடிவு பண்றது ஸ்கேனர்தான், பெட்டி இல்ல. பேக்கிங் பெட்டி குடோன் வரைக்கும் லேசா கேட்டுட்டே இருந்தா ஸ்கேனர் அதையே பிடிச்சுத் தொங்கும். 2.4ல பவரைக் குறைங்க. ஸ்கேனர் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும்னா அதுலயே ஓட்டுங்க, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 36, 40, 44, 48, அப்புறம் 149ல இருந்து 165 வரைக்கும் அஞ்சு. ரேடார் சிக்னல் வந்தா ஒதுங்கிப் போக வேண்டாத சேனல் மட்டுமே ஒன்பது கிடைக்குது, ஆறு பெட்டிக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்தரலாம். 2.4ல மூணுதான், அதுலயும் பக்கத்துக் கம்பெனிக்காரங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க. 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட்டைத் தாண்டாதேன்னு கவலைப்படாதீங்க, மாடிக்கு மாடி பெட்டி இருக்கறப்ப அது தாண்டாம இருக்கறதே நமக்கு நல்லது.

இப்ப கன்ட்ரோலர். வேணுங்க, ஆனா சந்தா வேண்டாம். பாஸ்வேர்டு மாத்தணும்னா ஆறு பெட்டியையும் தனித்தனியா திறக்கறீங்க, ஒண்ணை விட்டுட்டா அந்த மாடில வேலை நிக்குது. அந்தத் தொல்லைக்காகத்தான் கன்ட்ரோலர். டிபி-லிங்க்கோட ஓமடா, யுபிக்விட்டியோட யூனிஃபை ரெண்டுக்கும் கன்ட்ரோலர் சாஃப்ட்வேர் இலவசம், ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சாலும் வைஃபை ஓடும். விருந்தாளி லாகின் பக்கம் மாதிரி சிலதுதான் நிக்கும். ஆனா அதே கம்பெனியோட அக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் கொடுக்கற பெட்டி) இருக்கணும், உங்க ரவுட்டருங்க அதுக்குள்ள வராது. வந்தவர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: லைசென்ஸ் முடிஞ்ச மறுநாள் பெட்டி ஓடுமா? சில வகை நின்னே போயிரும்.

தறிக்கூடம்:
அக்சஸ் பாயிண்ட் வாங்கினா பிஓஇ ஸ்விட்சும் சேர்த்து வாங்குங்க. டேட்டாவும் கரண்டும் ஒரே கேபிள்ல போகும், அந்த ஒரு ஸ்விட்சை யூபிஎஸ்ல போட்டா ஆறும் யூபிஎஸ்ல இருக்கற மாதிரி. கேபிள் 100 மீட்டருக்கு மேல போகக் கூடாது. குடோன்ல பெட்டியை அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால மாட்டாம நடைபாதைக்கு நேர் மேல மாட்டுங்க.

பேக்கிங்_கணினி:
அண்ணா, போய்ப் பார்த்தேன். மூணு பெட்டி வான் போர்ட்லதான் இருந்துச்சு. பேக்கிங், குடோன் ரெண்டையும் லேனுக்கு மாத்தி ஒரே பேரு வெச்சேன். ஸ்கேனர் இப்ப நடந்துட்டே போனாலும் லாகின் கேக்கல, வாசல்கிட்ட ஒரு நொடி யோசிக்குது, அவ்வளவுதான். மத்ததை ஞாயித்துக்கிழமை ஷிப்ட் இல்லாதப்ப மாத்தறேன். பையர் சைடு க்யூசி (தரம் பார்க்கற) ஆளுங்க வந்தா வைஃபை கேக்கறாங்க, அதை எப்படிக் கொடுக்கறது?

ஈரோட்டு_கேபிள்காரர்:
இப்ப இருக்கற பெட்டில கெஸ்ட் பேரு திறந்து கொடுக்காதீங்க. அக்சஸ் பாயிண்டா மாத்தின ரவுட்டர்ல கெஸ்ட்டுன்னு போட்டாலும் பல மாடல்ல சர்வர் வரைக்கும் வழி திறந்தேதான் இருக்கும். மெயின் ரவுட்டர்ல இருக்கற கெஸ்ட் வைஃபையை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கொடுங்க, ஒருக்கா அதுல சேர்ந்து சர்வர் ஐபிக்குப் பிங் போட்டுப் பாருங்க, பதில் வரக் கூடாது. புது செட்டு வாங்கறப்ப விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள்ள தனித்தனி நெட்வொர்க்) பிரிக்கற ஸ்விட்சா கேட்டு வாங்குங்க. சிசிடிவியையும் அதுலயே தனியாப் பிரிச்சரலாம்.