நினைவுக்கல்லில் அழிந்த பெயர்களைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம். இரண்டு உலகப்போர்களுக்கும் போன எங்கள் ஊர்க்காரர்களின் பெயர் பொறித்த பளிங்குக்கல் மங்கிவிட்டது. பாதிப் பெயர்களைப் படிக்கவே முடியவில்லை.

இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் வரை இறந்தவர்கள்கூட அதில் உண்டு. சிக்கலே உயிரோடு திரும்பியவர்கள்தான், அவர்கள் அதில் வரமாட்டார்கள். முதல் போரின் பிரிட்டிஷ் பதக்க விளிம்பில் பெயரும் படை எண்ணும் இருக்கும் என்பதால் வீடு வீடாகக் கேட்டு வருகிறோம். வேறு எந்த ஆவணத்தில் தேடலாம்?

அப்புறம், கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள். பளிங்கை அது அரித்துவிடும், விடமாட்டேன்! பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுத்து மங்கிய எழுத்தைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கோணம் சரிவரும் என்று சொல்லுங்களேன்.