[கலைச்சொல்] ஜிக்சா துண்டின் நீட்சிக்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

புதிர்மேசை:
குழுமத்தாருக்கு வணக்கம். ஒரு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு ஓவிய ஜிக்சா (துண்டுகளாக வெட்டிய படத்தை மீண்டும் சேர்க்கும் விளையாட்டு) பெட்டிகள் வந்திருக்கின்றன: வான் கோவின் ‘விண்மீன் இரவு’, புரூகலின் ‘நெதர்லாந்துப் பழமொழிகள்’, ஹொக்குசாயின் ‘பேரலை’. மூன்றும் ஆயிரம் துண்டு. கூடவே வைக்க நான்கு பக்கத் தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐந்து இடங்களில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். முழு விளையாட்டின் பெயர். துண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டை. அது போய் உட்காரும் குழிவு. நேர்விளிம்பு உள்ள துண்டு. பொருந்தியதுபோலத் தோன்றும் தவறான இணைப்பு.

கையேட்டில் ஒரு வாக்கியம் இப்படி: “எதிரெதிர்ப் பக்கங்களில் ___, மற்ற இரண்டில் ___ உள்ள துண்டுகளைத் தனித் தட்டில் போடுக.” வானம், கடல் மாதிரி ஒரே நிறப் பரப்பில் நிறம் கைகொடுக்காது, வடிவம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். துண்டுகள் கட்டம்போல நிரை நிரையாக அமையும் வரிசை வெட்டில், ஓரத்தில் வராத உள்துண்டுக்கு ஆறே வடிவம்: நீட்சியே இல்லாதது, ஒன்று உள்ளது, அடுத்தடுத்து இரண்டு, எதிரெதிர் இரண்டு, மூன்று, நான்கு. இவற்றில் எதிரெதிர் இரண்டுதான் அதிகம் வரும். சொல் இல்லாமல் இதை விளக்கினால் ஒவ்வொரு படியும் ஒரு பத்தி ஆகிவிடுகிறது.

உளிக்கூடம்:
முதலில் ‘ஜிக்சா’வை விடுவோம். நம் தச்சுப் பட்டறைகளில் ஜிக்சா என்றால் பலகையை வளைவு வளைவாக அறுக்கும் மின்ரம்பம். பிள்ளைகள் அப்பாவின் பட்டறையில் ஒரு ஜிக்சா, நூலகத்தில் இன்னொன்று பார்த்துக் குழம்பும்.

வரலாறும் அந்தப் பெயருக்கு ஆதரவாக இல்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற நிலப்பட வேலைப்பாட்டாளர் நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லை வழியே அறுத்துப் புவியியல் கற்பிக்க விற்றார். அவற்றில் இன்றுபோல் கோத்துக்கொள்ளும் நீட்சிகள் இல்லை, எல்லைக்கோடுதான் வெட்டு. மிதிகட்டை ரம்பம் பரவிய பிறகே ரம்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய அட்டைப் பெட்டிகளை எந்த ரம்பமும் தொடுவதில்லை. எஃகுத் தகடுகளை வளைத்து அடித்த அச்சை அழுத்தி வெட்டுகிறார்கள்.

நீட்சிக்கு என் வாக்கு ‘கழுந்து’. மரத்துண்டின் முனையைச் செதுக்கி அடுத்ததன் துளையில் இறக்குவதற்குத் தச்சர்கள் சொல்வது. குழிவுக்குக் ‘காடி’. இரண்டும் இருக்க, புதிதாக எதை உருவாக்க வேண்டும்?

ஒற்றுமிகும்:
கழுந்து நல்ல சொல். ஆனால் உலக்கையின் மழுங்கிய முனையும் கழுந்துதான், வில்லின் நுனியும் கழுந்துதான். காடியோ நீளவாக்கில் ஓடும் பள்ளம். இங்கே இருப்பது கழுத்துச் சிறுத்துத் தலை பருத்த உருவம், அதற்கு உரிய குழி. தச்சுக் கழுந்து நேராக இறங்கும், நேராகவே கழன்றும் வரும். இந்தத் துண்டைப் பக்கவாட்டில் இழுத்தால் வராது, மேலே தூக்கினால்தான் வரும். கழுத்தின் வேலையே அதுதானே?

முழு விளையாட்டுக்கு என்னிடம் ஒரு சொல் உண்டு: பிதிர். அகராதியைப் புரட்டுங்கள். பிதிர்தல் என்றால் சிதறுதல், உதிர்தல். பிதிர் என்றால் துகள், துண்டு. அதே பிதிருக்கு விடுகதை என்றும் பொருள். சிதறிய துண்டுகளே விடுகதையாக இருக்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் உலகில் உண்டா? தொல்காப்பியர் யாப்பின் ஏழு நிலங்களில் ஒன்றாக வைத்த ‘பிசி’ என்ற விடுகதை வகையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பிசிர், பிதிர், புதிர் என்று ஒரு குடும்பமே தெரிகிறது.

வகுப்பறை:
ஐயா, குடும்பம் இருக்கட்டும். ‘பிதிர்ப் பெட்டி’ என்று எழுதி வைத்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பிதிர்க்கடன்தான் நினைவுக்கு வரும். ஆடி அமாவாசைக்கு வாங்கிப் போவார்கள்.

வடமராட்சி:
எங்கட பக்கத்தில ‘புதிர்’ எண்டாலும் சிக்கல் இருக்கு. தைப்பூசத்தோட புது நெல் எடுக்கிறதைப் ‘புதிர் எடுத்தல்’ எண்டுதான் சொல்லுறது. விடுகதைக்கு ‘நொடி’. ஆனால் அதுக்காகப் புதிரை விடவேண்டாம், பத்திரிகையில குறுக்கெழுத்துப் புதிர் போட்டுப் போட்டு எல்லாருக்கும் பழகிப் போச்சு. ‘துண்டுப்படப் புதிர்’ எண்டு வையுங்கோ. கேட்ட உடனே விளங்கும்.

ஒற்றுமிகும்:
விளங்குவது மட்டுமே அளவுகோல் என்றால் ‘பஸில்’ என்றே எழுதிவிடலாமே.

வகுப்பறை:
பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா.

புதிர்மேசை:
முழுப்பெயருக்குத் ‘துண்டுப்படப் புதிர்’ என்று இப்போதைக்குக் குறித்துக்கொள்கிறேன். ஓரத்துண்டு?

உளிக்கூடம்:
‘ஓரத்துண்டு’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதில் என்ன விவாதம்? இன்னொரு கணக்கும் கையேட்டில் இருக்கட்டும். பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் பல பெட்டிகளில் 38 × 27 கட்டம், அதாவது 1026 துண்டு. வேறு சிலவற்றில் 40 × 25, சரியாக 1000. எதுவானாலும் ஓரத்துண்டு மூலைகள் நான்கும் சேர்த்து 126தான். பிள்ளைகள் எண்ணிப் பார்த்து 126 வரும்வரை சட்டத்தைக் கட்டத் தொடங்க வேண்டாம். ஓரத்துண்டு ஒன்று உள்துண்டுக் குவியலில் தங்கிவிட்டால், இடைவெளியைத் தவறான துண்டால் அடைத்து, எதிர்ப்பக்கம் ஒரு துண்டு நீளமாகி நிற்கும்.

ஒற்றுமிகும்:
‘விளிம்புத்துண்டு’ என்பதே என் கருத்து. ஓரம் இடத்தைக் குறிக்கும், விளிம்பு கோட்டைக் குறிக்கும். துண்டில் நாம் தேடுவது நேர்கோட்டை. ஆகட்டும், இதற்காகச் சண்டையிடவில்லை.

நீட்சி-குழிவுக்கு வருவோம். இரண்டு துண்டு சேர்வது புணர்ச்சிதான். நிலைமொழி அசையாமல் நிற்கிறது, வருமொழி வந்து சேர்கிறது. மேசையில் இருப்பது நிலைத்துண்டு, கையில் இருப்பது வருதுண்டு. சேரும் இடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் எதுவும் இல்லாததால் இது இயல்புப் புணர்ச்சி. எனவே சேருமிடத்துக்குப் ‘புணர்வாய்’ என்ற பெயர் இலக்கணப்படி...

வகுப்பறை:
ஏழாம் வகுப்பில் புணர்ச்சி விதி நடத்தும்போதே பின்பெஞ்சில் சிரிப்பு அடங்குவதில்லை. இதைச் சிறுவர் கையேட்டில் போடச் சொல்கிறீர்களா? குமிழ், குழி. அவ்வளவுதான். கதவுக் குமிழ், கட்டில் குமிழ் எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். “எதிரெதிர்ப் பக்கங்களில் குமிழ், மற்ற இரண்டில் குழி.” படித்துப் பாருங்கள், வாக்கியம் மூச்சு வாங்கவில்லை.

உளிக்கூடம்:
குழி என்றால் அடி இருக்கும். இதற்கு அடி இல்லை, மேலிருந்து கீழ்வரை திறந்த வெட்டு. ‘வாய்’ எனலாம். குமிழ்-வாய்.

வடமராட்சி:
பல்லாங்குழிக்கும் பணியாரச் சட்டிக்கும்தான் குழி சரி எண்டு உளிக்கூடம் ஐயா சொல்லுறார். ஆனால் துண்டு மேசையில படுத்திருக்கேக்க அது குழி மாதிரித்தானே கிடக்குது.

புதிர்மேசை:
குமிழ் உறுதி. குழியா வாயா என்பதைப் பிறகு பார்ப்போம். எனக்கு உண்மையில் தலைவலி ஐந்தாவது சொல். ‘விண்மீன் இரவு’ வானத்தில் இது அடிக்கடி நடக்கும். தூரிகை வீச்சு எல்லாப் பக்கமும் நீலமாகச் சுழல்வதால் பக்கத்துத் துண்டு மாதிரியே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘போலிப் பொருத்தம்’ என்று வரைவில் எழுதியிருக்கிறேன்.

ஒற்றுமிகும்:
இதை நான் ஏற்க முடியாது. இலக்கணத்தில் போலி குற்றம் அன்று. பந்தல் பந்தர் ஆனாலும், மஞ்சு மைஞ்சு ஆனாலும் பொருள் மாறாது. அதனால்தான் போலியை நன்னூல் அனுமதிக்கிறது. இங்கே ஒரு துண்டுக்குப் பதில் இன்னொன்று வந்தால் படமே கெடுகிறது. ‘பொய்ப்பொருத்தம்’ என்க.

வகுப்பறை:
கடையில் ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்’ என்று எழுதியிருப்பதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களுக்குப் போலி என்றால் ஏமாற்றுதான். ஆனாலும் பொய்ப்பொருத்தம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டும் சம்மதம்.

உளிக்கூடம்:
பெயர் எதுவானாலும் கண்டுபிடிக்கும் வழியைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்தபடியே தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால், தவறான இணைப்பில் குமிழின் கழுத்தருகே வெளிச்சக் கீற்று தெரியும். அடுத்தது, விரல் நுனியால் இணைப்புக்கோட்டைத் தடவினால் மேடு தட்டும். மூன்றாவது வழிதான் நம்பகமானது: இரண்டு துண்டை வைத்து முடிவு செய்யாமல், நான்கு துண்டுகளும் சந்திக்கும் மூலை உருவாகும்வரை காத்திருப்பது. அங்கே நான்கு கோடுகளும் ஒரே புள்ளியில் கூடாவிட்டால் ஒன்று தவறு. சில மலிவுப் பெட்டிகளில் ஒரே வெட்டு வடிவம் படத்துக்குள் திரும்பத் திரும்ப வரும். அதில் வெளிச்சச் சோதனையும் ஏமாற்றும், தூரிகை வீச்சின் திசை ஒன்றே துணை.

மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்து ஊதிவிடும். அப்போது சரியான துண்டே இறுக்கமாக நிற்கும். அழுத்தித் திணித்தால் மேல்தாள் உரியும். இறுக்கத்தை வைத்துத் ‘தவறு’ என்று முடிவு கட்ட வேண்டாம் என்றும் ஒரு வரி.

வடமராட்சி:
இடையில ஒரு கேள்வி. இந்தப் பெட்டியில ஓவியம் முழுசா வருமா?

புதிர்மேசை:
எல்லாவற்றிலும் வராது. ஆயிரம் துண்டின் வழக்கமான அளவு 70 × 50 செ.மீ. புரூகலின் 1559ஆம் ஆண்டு ஓவியம் 163 × 117 செ.மீ., விகிதம் கிட்டத்தட்ட அதேதான், இழப்பில்லாமல் அமரும். வான் கோவின் 1889ஆம் ஆண்டு மூலம் 92.1 × 73.7 செ.மீ. அகலத்தை 70ஆகச் சுருக்கினால் உயரம் 56 வேண்டும், பெட்டியில் இருப்பது 50. மேலும் கீழுமாகச் சேர்த்து மூன்று துண்டு வரிசை அளவுக்குப் படம் போய்விடும். கிளிம்டின் ‘முத்தம்’ 180 × 180 செ.மீ. சதுரம், அதை இந்த அளவில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். வாங்கும்முன் பெட்டியின் படத்தை அருங்காட்சியகத்தின் இணையப்படத்தோடு ஒப்பிடச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

புரூகல்தான் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பது என் துணிபு. நூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகள் ஒரே ஊருக்குள் நடக்கின்றன. சுவரில் தலையை முட்டுபவன், பன்றி முன் பூவை வீசுபவன் என்று ஒவ்வொரு துண்டிலும் ஒரு கை, ஒரு தொப்பி, ஓர் ஓடு கிடைக்கும். வெர்மீரின் முத்துக் காதணிப் பெண்ணை யாருக்கும் முதலில் கொடுக்கக் கூடாது. பின்னணி முழுக்க இருட்டு.

ஒற்றுமிகும்:
படத்தை வெட்டிக் கொடுப்பது, செய்யுளில் ஓரடியை விட்டுப் பதிப்பிப்பது போன்றது. இதற்கும் ஒரு சொல் வேண்டுமே. ‘கத்தரிப்பு’?

வகுப்பறை:
ஐயா, வெள்ளிக்கிழமை. தயவுசெய்து.

புதிர்மேசை:
இன்று மாலை அனுப்புவது: துண்டுப்படப் புதிர், குமிழ், குழி, ஓரத்துண்டு, பொய்ப்பொருத்தம். குழிக்கு மூன்று பேர், வாய்க்கு உளிக்கூடம் மட்டும். ‘பிதிர்’ கையேட்டில் இடம்பெறவில்லை. முடித்த புதிரை ஒட்டிச் சட்டம் போடும் பக்கத்தில் பசை ‘ஒரு மெல்லிய பூச்சு, அடியில் எண்ணெய்த்தாள், பழைய அட்டையால் ஒரே திசையில் இழுக்கவும்’ என்று விட்டுவிட்டேன். இரண்டாம் பூச்சை உடனே போட்டால் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும் என்பதையும் சேர்த்தாயிற்று.

உளிக்கூடம்:
அடி இல்லாததைக் குழி என்று அச்சிடுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

ஒற்றுமிகும்:
என் மறுப்பையும். பிதிர் அடுத்த பதிப்புக்குத் திரும்ப வரும். இன்னொன்று: மெய்ப்பில் ‘குமிழ் குழி’ என்று இடம்விட்டு அடித்திருக்கிறீர்கள். உம்மைத்தொகையா, அல்லது குமிழுக்குரிய குழி என்ற நான்காம் வேற்றுமைத் தொகையா? இரண்டாவது என்றால் ஒற்று மிகும்.