பழைய பத்திரிகைப் படங்களில் உள்ள நீலக் கோடுகளை அழிக்கலாமா?

கேள்வி (தக்கலை):
சென்னை வார இதழ்களுக்குத் தொடர்கதைப் படம் வரைந்து பிழைத்த எங்கள் பாட்டாவின் தகரப் பெட்டியில், மையால் வரைந்த மூலப் படங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. பல்பொடி விளம்பரப் படங்களும் கலந்திருக்கின்றன. தாளெங்கும் பழுப்புப் புள்ளிகள், படத்துக்குள் வெளிர்நீலப் பென்சில் கோடுகள், ஓரத்தில் "5 அங்குலம்" என்ற குறிப்பு. ஒரு பெண்ணின் காதருகே திட்டாகப் பூசிய வெள்ளைச் சாயம் வெடித்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தபோது கறுப்புக் கோடு கலங்கவில்லை. கையெழுத்து மட்டும் நீலமாகக் கரைந்துவிட்டது. மற்றதை அழித்துவிட்டு, லேமினேட் செய்து மாட்டலாமா?

பதில் (மார்த்தாண்டம்):
லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது.

பதில் (நாகர்கோவில்):
அச்சகத்தில் பிளாக் (படத்தை அச்சிட உதவும் உலோகத் தகடு) எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: எதையும் அழிக்காதீர்கள். கறுப்பு, இந்தியன் இங்க். கரிப்புகையும் அரக்கும் சேர்ந்த அந்த மை காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. கையெழுத்து ஃபவுண்டன் பேனா மையாக இருக்கும், ஆகவே ஈரத்துணியை இனித் தொடாதீர்கள். கோட்டுப் படத்துக்கான லைன் பிளாக்குக்குப் படமெடுக்கும் ஃபிலிமில் வெளிர்நீலம் வெள்ளைத் தாளைப் போலவே பதியும் என்பதால், ஓவியர்கள் முதல் வரைவை நீலப் பென்சிலில் போட்டு, அழிக்காமலே அனுப்புவார்கள். "5 அங்குலம்" என்பது அச்சில் வரவேண்டிய அகலம். பெரிதாக வரைந்து சுருக்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும். பல்பொடிப் படங்களையும் ஒதுக்க வேண்டாம். விகடனில் கொடிகட்டிப் பறந்த கோபுலுவே பிறகு விளம்பரத் துறைக்குப் போனவர்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணாச்சி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் இந்தப் புள்ளிகளை என்ன செய்வது?

பதில் (நாகர்கோவில்):
அவை பெரும்பாலும் ஈரத்தால் வந்த பூஞ்சைக் கறை. பிளீச்சிங் வைத்தால் கறையோடு தாளும் போகும். வெயிலில் காட்டாமல், மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, அமிலமற்ற தாளை இடையிட்டுத் தட்டையாக அடுக்குங்கள்; சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் போட்டு வையுங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியை மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது, வெள்ளைச் சாயம் வெடித்த இடத்தில் ஒரு ஜிமிக்கி தெரிகிறது. ஏன் மறைத்தார்?

பதில் (நாகர்கோவில்):
அத்தியாயம் கைக்கு வருமுன், வாய்மொழியாகக் கேட்டே வரைவதும் உண்டு. கதையில் அவள் நகையை அடகு வைத்திருப்பாள்; ஆசிரியர் திருத்தச் சொல்லியிருப்பார். அந்தச் சாயத்தைச் சுரண்டாதீர்கள்.