அணிபொறியும் அணிபுலனும்

அன்பர்களுக்கு வணக்கம்.

உடலில் அணிந்துகொண்டால் பிறவியில் இல்லாத ஓர் உணர்வைத் தரும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் நம் குழுவில் பேச்சு. ‘ஆறாம் புலன் கருவி’ என்று நேற்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆறாவது இடம் காலியாக இல்லை. தொல்காப்பிய மரபியல் அங்கே மனத்தை எப்போதோ உட்கார வைத்துவிட்டது. இன்னொரு பரிந்துரையான ‘உடுத்துணர்வி’ எனக்கு வாயில் நுழையவில்லை.

நான் சொல்வது இரண்டு சொற்கள். கருவிக்கு அணிபொறி, அணிந்து பழகியவருக்கு வாய்க்கும் உணர்வுக்கு அணிபுலன். கண்ணும் காதும் பொறி, இயந்திரமும் பொறி. இவ்வளவு வசதியான சொல் கையிலிருக்க, புதிதாக ஒன்றை ஏன் உருட்ட வேண்டும்?

ஒரு சொல் போதாதா? போதாது. 2005இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகக் குழு, 13 அதிர்விகள் (கைப்பேசியில் இருப்பது போன்ற அதிரும் சிறு மோட்டார்கள்) பொருத்திய பெல்ட்டை நால்வருக்கு ஆறு வாரம் அணிவித்தது. வடக்கு நோக்கிய அதிர்வி மட்டும் துடிக்கும். நால்வர் இடுப்பிலும் ஒரே பொறி. தங்கள் திசையுணர்வே மாறிவிட்டதாகச் சொன்னவர்களோ இருவர்தாம்.

எங்கள் வேலூரிலும் இதற்கொரு தொடர்பு உண்டு. 1946இல் இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயில் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர் பால் பிராண்ட். பின்னாளில் அமெரிக்காவில், வலி தெரியாத கைகால்களுக்கு அழுத்தம் அறியும் கையுறை, காலுறை செய்து பார்த்தார். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலி எழும். நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. மின்னதிர்ச்சி வைத்தார், அதை அணைத்துவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். பல்வலியை அப்படி அணைக்க முடியுமா? அவர் செய்தது கடைசிவரை அணிபொறியாகவே நின்றுவிட்டது.

என் அக்கா மகன் ஆம்பூர்த் தோல் பெல்ட் ஒன்றில், பழைய கைப்பேசிகளிலிருந்து கழற்றிய எட்டு அதிர்விகளைத் தைத்துக் கொடுத்தான். கோட்டை அகழியோரம் அரைமணி நேரம் நடந்தேன். வலப்பக்கம் திரும்பினால் துடிப்பு தொப்புளிலிருந்து இடது இடுப்புக்கு நகர்ந்தது. வேட்டி முடிச்சுக்கு மேலே வந்தபோது மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வேலூர் வெயிலில் புலன் வாய்க்கவில்லை, அரிப்புதான் வாய்த்தது.

பொறி என்றால் எலிப்பொறி நினைவுக்கு வரும் என்று யாராவது எழுதுவீர்கள். பொறியியல் கல்லூரி என்னும்போது எவருக்கு எலி நினைவு வருகிறது?

‘அதிர்வி’தான் எனக்கு நிறைவாக இல்லை. ‘துடிப்பி’ என்றால் இதயத்தில் வைக்கும் கருவியோடு குழம்புமா? குழுவிலுள்ள மருத்துவர்கள் சொல்லுங்கள்.