மூடியில்லாத பெட்டியில் வந்த கப்பல்

எங்கள் வீட்டுப் பரணில் வெகுகாலமாக ஒரு அட்டைப் பெட்டி கிடந்தது. தாத்தா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களா அப்புவாக, அதாவது துரையின் சமையல்காரராக, இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை சீமைக்குக் கிளம்பினார். சாமான் கட்டும்போது மிஞ்சிய இந்தப் பெட்டியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டார். உள்ளே இருந்தது ஒட்டிக் கட்டும் மாதிரிக் கப்பல் ஒன்று, ஆனால் மூடியும் இல்லை, விளக்கத்தாளும் இல்லை. இரண்டு பாதியாகக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கப்பலின் உடல், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்த பாய்கள், சட்டத்திலிருந்து கழன்று கொட்டிய நூற்றுக்கணக்கான பொடித் துண்டுகள். அவ்வளவுதான். “நம்ம தேயில ஏத்திக்கிட்டுப் போன கப்பல்டா இது” என்று தாத்தா அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அதையே எனக்குச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அதைக் கீழே இறக்கினேன். ஒட்டுவதற்கு முன்னால் இது எந்தக் கப்பல் என்று தெரிய வேண்டும். முதலில் பக்கவாட்டைப் பார்த்தேன். பீரங்கிக்கு ஓட்டை ஒன்றுகூட இல்லை. விக்டரி மாதிரிப் போர்க்கப்பல் என்றால் வரிசை வரிசையாக இருந்திருக்கும். அணியம், அதாவது கப்பலின் முன்நுனி, கத்தி மாதிரிக் கூர்மை. பாய்மரம் மூன்று. குறுக்கே பாய் கட்டும் பருமல்களை நீளவாரியாக அடுக்கினால் மூன்று மரத்துக்கும் சரியாக வந்தது. கடைசி மரத்துக்குப் பருமல் இல்லாவிட்டால் அது பார்க் வகை. மூன்றிலும் இருந்ததால் இது முழுப்பாய்க் கப்பல், அதுவும் வேகமாக ஓடும் கிளிப்பர் வகை என்று முடிவுசெய்தேன்.

அப்புறம் அளவுநாடா. உடலின் நீளம் அறுபத்தேழு சென்றிமீற்றரும் சொச்சமும், அகலம் பதினொன்றரைக்குக் கிட்ட. பேர்போன தேயிலைக் கிளிப்பரான கட்டி சார்க் கப்பலின் நீளம் 212 அடி 6 அங்குலம், அகலம் 36 அடி. இரண்டையும் 96 ஆல் வகுத்துப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். மாதிரிகள் செய்யும் ரெவெல் கம்பனி 1959 இல் வெளியிட்ட பெரிய கிட் அசலில் 96 இல் ஒரு பங்கு அளவுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. அதே அச்சைக் கொஞ்சம் மாற்றி, அதன் போட்டிக் கப்பலான தெர்மோப்பிலேயையும் ரெவெல் விற்றிருக்கிறது. பெட்டியில்லாமல் கையில் கிடைத்தவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். எனக்கு வழி காட்டியது சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டு ஒன்று. ஒரு பெண், வலது தோளுக்குக் கீழே கொஞ்சம் சிதைந்திருந்தாள், ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. கட்டி சார்க்கின் முகப்புச் சிலை நேன்னி என்ற சூனியக்காரி. ரொபர்ட் பர்ன்ஸின் கவிதையில் குதிரை வாலைப் பிடுங்கிக்கொண்டு நிற்பவள் அவள்தான். தெர்மோப்பிலேயின் முகப்பில் இருந்தது லியோனிதாஸ் அரசன். அந்தத் துண்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் பெட்டியில் இருந்தது கட்டி சார்க்தான்.

தாத்தா சொன்னதுதான் இடித்தது. கட்டி சார்க் 1870 இலிருந்து 1877 வரை தேயிலை ஏற்றியது உண்மை, ஆனால் அது சீனத் தேயிலை. நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டது 1867 இல். தேயிலைக்கு முன்னால் மலையில் இருந்த கோப்பியை நோய் பிடித்தது 1869 இல். அதே 1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறந்தது, ஐந்து நாள் கழித்து கட்டி சார்க் தண்ணீரில் இறங்கியது. கால்வாயில் பாய்க்கப்பலுக்குத் தோதுப்படாது. நீராவிக் கப்பல் குறுக்கு வழியில் போய்விடும். இலங்கைத் தேயிலை பெருவாரியாகக் கப்பலேறிய காலத்தில் கட்டி சார்க் அவுஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றிக்கொண்டிருந்தது. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கட்டும் வேலைக்கு நம்ம ஊர்க் காலநிலை பெரிய சோதனை. மூடுபனி நாளில் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பின்மேல் பால் ஊற்றின மாதிரி வெளுக்கிறது. சுப்பர் குளூவும் ஈரக்காற்றில் வெள்ளைப் படலம் விடும். உடலை ஒட்ட பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிக்கும் பசைதான் சரி, அதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பெயின்ற் வேலையை மாசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். அவசரம் என்றால் மூடியுள்ள வாளியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்துத் துண்டுகளைக் காயவிடலாம்.

முதலில் பருத்தி நூலால் கயிறு கட்டினேன். தென்மேற்கு மழை தொடங்கி இரண்டாவது வாரம், நூல் ஈரத்தில் சுருங்கி முன்பாய்மரத்தின் நுனியை வில்லாக வளைத்துவிட்டது. எல்லாவற்றையும் அறுத்துவிட்டுப் பொலியெஸ்டர் நூலில் தேன்மெழுகு தடவி மறுபடியும் கட்டினேன். அந்த ஒரு மரத்துக்கே மூன்று மாதம் வீணாயிற்று.

பாய்மரத்தில் ஏறுவதற்கான ஏணிக்கயிறுகள் கிட்டோடு வந்தவை, பிளாஸ்டிக் பூசிய நூல். தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. அதனால் நாலு மில்லிமீற்றருக்கு ஒரு முடிச்சாக நானே போட வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு கண் எரிந்து எழுந்தேன். அப்பா என் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தேயிலை ஸ்டோரில் முப்பது வருஷம் வேலை செய்த கை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நூலை ஒரு சுற்று, மேலே தாண்டி இன்னொரு சுற்று, நுனியை உள்ளே விட்டு இழுத்தார். என்னுடையதைவிட நேராக இருந்தது. அன்றைக்குத்தான் சீனத் தேயிலைக் கதையைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“அப்ப நம்ம தேயில எதுல போச்சு?”

“நீராவிக் கப்பல்ல, சூயஸ் வழியா.”

“சரி. அந்த வெளக்க இன்னும் கொஞ்சம் கிட்ட வை.”

முன்மரத்து இடப்பக்க ஏணி முழுக்க அவர் கட்டியது. நடுமரம் முடிந்துவிட்டது, பின்மரம் இந்த மழைக்குப் பிறகு. நேன்னியின் கையில் இருக்க வேண்டிய குதிரை வால் பெட்டியில் இல்லை. தேங்காய்நார் இழை நாலைந்தைச் சாம்பல் நிறத்தில் தோய்த்துக் காயவைத்திருக்கிறேன்.